காசிமேடு முதல் எண்ணூர் வரை: நடை, படகு, கேமரா – ஊர்க்கருத்து பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காசிமேட்டுக்குப் போனால் மீன் கூடையோடு நிற்பவர்களுக்கு நடுவே கேமராவோடு நிற்பவர்களும் இருப்பார்கள். ராயபுரத்தில் மரபு நடை, தங்கசாலையில் சாப்பாட்டு நடை, எண்ணூர் ஆற்றில் படகு, கடற்கரையில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ என்று வடசென்னைக்கு ஆட்கள் வருவது கூடிக்கொண்டே போகிறது. பலர் சும்மா வருகிறார்கள். சிலர் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக் கூட்டி வருகிறார்கள்.

இந்தப் பகுதியில் குடியிருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து, இதைப் பற்றி ஊர் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுதியதை மனுவாக வார்டு கவுன்சிலரிடமும் பகுதி சபையிலும் கொடுக்கப் போகிறோம். வீடு வீடாகப் போனபோது திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

எந்தெந்த வழிகளைப் பற்றிப் பேசுகிறோம்?

மூன்று இடங்கள். ஒன்று, ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து கல்மண்டபம் வழியாகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வரை. இரண்டு, திருவொற்றியூரில் தியாகராஜர் கோயில் மாட வீதியிலிருந்து கடலோரம் பட்டினத்தார் சமாதி வரை. மூன்று, எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் அதை ஒட்டிய மீனவர் குப்பங்களின் ஆற்றங்கரைப் பாதையும்.

ஜார்ஜ் டவுன் பக்கம் வேறு கதை. அங்கே கடைத்தெரு நெரிசல்தான் பெரிய பிரச்சினை. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

பொது வழிதானே, யார் வேண்டுமானாலும் நடக்கலாமே? இதில் ஊரைக் கேட்க என்ன இருக்கிறது?

நடக்கலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனால் குப்பத்தில் பாதை என்பது நடப்பதற்கு மட்டும் உள்ள இடம் இல்லை. வலை காய்வதும் கருவாடு காய்வதும் அங்கேதான். இரவு புழுக்கத்தில் வீட்டுக்குள் படுக்க முடியாதவர்கள் பாய் போடுவதும் அங்கேதான். எங்களுக்கு அது பட்டறை, முற்றம், திண்ணை எல்லாம்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியால் அறுந்த வலைக்கண்களை ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்தார். வலையின் மற்ற பகுதி பாதை முழுக்க விரிந்து கிடந்தது. இருபது பேர் கொண்ட ஒரு குழு வந்தது. கூட்டி வந்தவர் அவரைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருக்க, பின்னால் வந்தவர்கள் வலை மேலேயே நடந்து வந்துவிட்டார்கள். மெல்லிய நைலான் நரம்பு அது. ஒருவரின் ஷூ ஓரம் ஓர் இடத்தில் மாட்டியது, அவர் காலை உதறினார், ஐந்தாறு கண்கள் ஒன்றாக அறுந்தன. பெரியவர் வாய் திறக்கவில்லை. குழு போன பிறகு வலையை மறுபடி தன் பக்கம் இழுத்து அந்த இடத்தைத் தேட ஆரம்பித்தார்.

அந்தக் குழுவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த வழியில் எப்போது வலை விரிந்திருக்கும், எந்தப் பக்கம் ஒதுங்கி நடக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கூட்டி வந்தவரும் ஊரில் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

அப்படியென்றால் சுற்றுலாவே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லை. வர வேண்டும் என்றுதான் எங்களில் பெரும்பாலோர் நினைக்கிறோம். சென்னையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களை மெரினா, மயிலாப்பூர், மாமல்லபுரம் என்று தெற்குப் பக்கமாகவே கூட்டிக்கொண்டு போனார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதும் வடசென்னையில்தான். வள்ளலார் இருந்த வீடு ஏழுகிணற்றில் இருக்கிறது. இதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கே முழுசாகத் தெரியாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து மரியாதையோடு கேட்கும்போதுதான் வீட்டில் இருக்கும் தாத்தா வாய் திறந்து பேசுகிறார். அது நல்ல விஷயம்.

எத்தனை பேர், எந்த நேரத்தில், யாரைக் கேட்டு, யாருக்குக் காசு கொடுத்து என்ற நான்கையும் ஊரோடு பேசி முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

காசிமேட்டில் ஏலத்தைப் பார்க்கத்தானே எல்லாரும் வருகிறார்கள்? அந்த நேரத்தில் வரக்கூடாது என்றால் எப்படி?

இதுதான் அதிகம் சண்டை வரும் கேள்வி, கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

விசைப்படகு கரை சேர்ந்ததும் மீனை இறக்கி, வகை பிரித்து, ஐஸ் போட்டு, ஏலம் விட்டு வண்டியில் ஏற்றும் வரை எல்லாமே நேரத்தோடு போட்டி. வெயில் ஏறினால் மீன் தளரும், விலை இறங்கும். தரை முழுக்கத் தண்ணீரும் செதிலும் வழுக்கும். தலையில் கூடையோடு வரும் பெண்ணுக்குக் காலடி தெரியாது, எதிரே வழி காலியாக இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் நடக்கிறார். அங்கே ஒருவர் முக்காலியை விரித்துக் கேமராவை வைத்தால் அவர் நின்று, சுற்றி, இன்னொருவர் மேல் இடிக்காமல் போக வேண்டும். "ஓரமா நில்லு கண்ணு, வண்டி வருது" என்று ஒரு நாளில் எத்தனை முறை அந்த ஆயாக்கள் சொல்கிறார்கள் என்று நின்று கேட்டுப் பாருங்கள்.

சில்லறையாக நான்கு கூடை எடுத்து, தெருவில் உட்கார்ந்து விற்கும் பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நாள் முழுவதற்குமான முதல். ஏலக்காரரின் குரல் கேட்காமல், கையசைவு தெரியாமல் போனால் நல்ல மீன் இன்னொருவருக்குப் போய்விடும். நடுவில் நிற்கும் பத்துப் பேர் முதுகு அதைத்தான் மறைக்கிறது.

அதனால் எங்களில் சிலர் முன்வைக்கும் யோசனை இது: ஏலம் நடக்கும் நேரத்தில் கட்டணக் குழுக்கள் ஏலத் தளத்துக்குள் வராமல், ஓரமாக ஓர் இடம் குறித்து அங்கிருந்து பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை சில்லறை வாங்க வரும் கூட்டமே தாங்காது, அன்று குழுக்களே வேண்டாம். ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் கூடாது. ஏலம் முடிந்த பிறகு உள்ளே வந்து பேசலாம், மீன் வாங்கலாம், வெட்டித் தரும் அக்காக்களிடம் எந்த மீனை எப்படிக் குழம்பு வைப்பது என்று கேட்கலாம். அப்போது அவர்களுக்கும் பேச நேரம் இருக்கும்.

இதை ஏற்காதவர்களும் ஊரில் உண்டு. கூட்டம் வந்தால் வியாபாரம் நடக்கும் என்கிறார்கள். அந்தக் கருத்தையும் அப்படியே எழுதிக்கொள்கிறோம்.

மீன்பிடித் தடைக்காலத்தில்?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. படகுகள் வரிசையாக நிற்கும். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, எஞ்சின் பிரிப்பது என்று வேலை நடக்கும். வருமானம் சுருங்கும் மாதங்கள் இவை. வழிகாட்டியாக ஊர்க்காரர்களே நடந்து, படகு எப்படிக் கட்டுகிறார்கள், கடலில் எப்படித் திசை பார்க்கிறார்கள் என்று சொல்ல இதைவிட நல்ல காலம் இல்லை. மரபு நடை நடத்துபவர்கள் டிசம்பர், ஜனவரியை விட்டு இந்தப் பக்கம் யோசித்தால் நன்றாக இருக்கும். வெயில்தான் கஷ்டம், விடியற்காலையில் வைத்துக்கொள்ளலாம்.

போட்டோ எடுக்கக் கேட்க வேண்டுமா?

ஆம். முகம் தெரியும் அளவுக்கு எடுத்தால் கேட்டு எடுங்கள். பிள்ளைகளை எடுத்தால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மீன் வெட்டும் பெண் சேலையைத் தூக்கிச் செருகி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலை செய்கிறார். அந்தக் கோலத்தில் தன் படம் ஊர் பூராவும் சுற்றுவதை அவர் விரும்ப மாட்டார், நீங்களும் விரும்ப மாட்டீர்கள்.

எண்ணூரில் படகுச் சவாரி தொடங்கினால் குப்பத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமே?

கிடைக்கும். அதனால்தான் இதை அவசரப்பட்டு ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

பழவேற்காட்டில் நடந்ததை மறக்கக் கூடாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மீன்பிடிப் படகு வலைக்கும் மீனுக்கும் கட்டியது. ஆட்களை ஏற்றி, அவர்கள் எல்லாரும் படம் எடுக்க ஒரே பக்கம் எழுந்து நின்றால் நிலை தவறும். முகத்துவாரத்தில் ஆற்று நீர் வெளியே தள்ள, கடல் உள்ளே தள்ள, நடுவில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று படகு தட்டும். பிறந்ததிலிருந்து அந்த ஆற்றில் இருப்பவர்களே பார்த்துத்தான் போகிறார்கள். உயிர்காப்பு அங்கி, படகின் அளவுக்கேற்ற ஆள் கணக்கு, முறையான அனுமதி, காப்பீடு இந்த நான்கும் இல்லாமல் ஒரு படகும் ஆள் ஏற்றக் கூடாது என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

அடுத்தது வழி. ஆற்றில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதற்கு முறை உண்டு. பழவேற்காட்டுப் பக்கம் இதைப் பாடு என்பார்கள். முறை வைத்து ஒவ்வொருவருக்கும் இடம் வரும். வலை கட்டியிருக்கும் இடத்தில் சுற்றுலாப் படகு குறுக்கே போனால் அன்று முறை வந்தவருக்கு அந்த நாளே போயிற்று. அப்புறம், கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே தெரிவது தலை மட்டும்தான். எஞ்சின் படகு வேகமாக வரும் ஆற்றில் அந்த வேலையை எப்படிச் செய்வார்கள்? அவர்களில் பலர் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. கரையில் காத்திருந்து அவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பறவை பார்க்க வருபவர்களால் என்ன தொந்தரவு?

கரையிலிருந்து பைனாகுலரில் பார்ப்பவர்களால் ஒன்றும் இல்லை. பனிக்காலத்தில் வரும் பறவைகள் தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கி இரை தேடுகின்றன. மறுபடி தண்ணீர் ஏறும்வரை கிடைப்பது சில மணி நேரம்தான். பூநாரைக் கூட்டம் ஒன்றாகப் பறக்கும் படம் வேண்டும் என்று படகை அதன் மேல் விட்டால் இரையும் போச்சு, தெம்பும் போச்சு. கூட்டி வருபவர்கள் முதலில் சொல்ல வேண்டிய விதி இதுதான்.

எண்ணெய்ப் படலத்தையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் காட்டக் கூட்டி வருகிறார்களே, அதையும் கட்டுப்படுத்த வேண்டுமா?

கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து ஆற்றில் படிந்தபோது, குப்பத்து ஆட்கள் வாளியிலும் மக்கிலும் எண்ணெயை அள்ளினார்கள். வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் எழுதியதால்தான் மற்றவர்களுக்கும் தெரிந்தது. மாணவர்கள், செய்தியாளர்கள், ஆய்வு செய்பவர்கள் எப்போதும் வரட்டும். அவர்களையும் கட்டணக் குழுக்களையும் ஒரே விதிக்குள் போடக் கூடாது என்பதை எங்கள் மனுவில் தெளிவாக எழுதுகிறோம். கட்டுப்பாடு என்ற பெயரில் கேள்வி கேட்பவர்களை நிறுத்தும் ஆயுதம் யார் கையிலும் போய்விடக் கூடாது.

வணிகப் பயன்பாடு என்றால் எது? நண்பர்கள் நாலு பேர் நடந்தாலும் வருமா?

வராது. வழியைக் காட்டுவதற்கு ஆளுக்குக் கட்டணம் வாங்கினால், விளம்பரப் படம் எடுத்தால், படகுக்கு வாடகை வாங்கினால், கல்யாண போட்டோ எடுத்துக் கொடுத்துச் சம்பளம் பெற்றால் அது வணிகம். பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கூட்டி வந்தால் வணிகம் இல்லை. யூடியூபில் போடுபவர்களை எதில் சேர்ப்பது என்று எங்களுக்குள்ளேயே பேச்சு முடியவில்லை. உங்கள் கருத்து அங்கேதான் ரொம்பத் தேவை.

கட்டணத்தில் ஊருக்குப் பங்கு வேண்டுமா?

வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பங்கு பணமாக ஊர்க்கணக்கில் போய் உட்கார்வதை விட, வேலையாக வருவதுதான் நல்லது. ஒவ்வொரு குழுவோடும் இந்த ஊர்க்காரர் ஒருவர் சம்பளத்தோடு வழிகாட்டியாக வரட்டும். காலைச் சாப்பாடு தெரு முனையில் ஆப்பம் சுடும் அம்மாவிடம் வாங்கட்டும். கழிப்பறைக்கு ஒரு வீட்டைக் கேட்டால் அதற்குக் காசு கொடுக்கட்டும். வருபவர்களில் பெண்கள் அதிகம், அவர்கள் தயங்கித் தயங்கி யாராவது ஒரு வீட்டில்தான் கேட்கிறார்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் வீடு அது.

பங்கைப் பணமாக வாங்கினால் யார் வாங்குவது, யார் கணக்குக் காட்டுவது என்ற பிரச்சினை உடனே வரும். மாநகராட்சியோ வேறு அரசு அலுவலகமோ ஏதாவது கட்டணம் வசூலித்தால், எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டுக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆட்கள் வந்தால் தெருக்கடைகளை அழகுபடுத்துகிறோம் என்று அகற்றிவிடுவார்களோ?

நியாயமான பயம். மீன் விற்பவர், சுண்டல் விற்பவர், அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை போட்டிருப்பவர் எல்லாரையும் காப்பதற்கு 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. அதன்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் அடையாள அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லாதவர்கள் அதையும் எங்களிடம் சொல்லுங்கள், மனுவில் சேர்க்கிறோம்.

ஷூட்டிங், டிரோன்?

டிரோன் பற்றி 2021-இல் வந்த மத்திய அரசு விதிகள் இருக்கின்றன. சிவப்பு மண்டலத்தில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் சூழ்ந்த ஊர் இது, வரைபடத்தைப் பார்க்காமல் யாரும் மேலே ஏற்றக் கூடாது. மாடியில் துணி காயப்போடும் பெண்களின் தலைக்கு மேல் கேமரா சுற்றுவதைப் பற்றி வீட்டுக்கு வீடு புகார் வந்திருக்கிறது.

ஷூட்டிங்கைப் பொறுத்தவரை அனுமதிச் சீட்டோடு வருவது போதாது. எத்தனை மணிக்குத் தெருவை அடைப்பார்கள், ஆம்புலன்ஸ் வந்தால் எந்த வழி என்று முதல் நாளே தெருவில் சொல்ல வேண்டும். வடசென்னை என்றாலே அரிவாள் என்று காட்டிக் காட்டி, இங்கே பிறந்த பையன் வேலைக்குப் போகும் இடத்தில் முகவரி சொல்லவே யோசிக்கிறான். எங்கள் தெருவில் எடுக்கும் படத்தில் எங்களை எப்படிக் காட்டுகிறீர்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி முடிவு செய்தால் போதாதா?

குப்பங்களில் ஊர்க்கூட்டத்துக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது, அது தேவை. ஆனால் பெரும்பாலும் ஆண்கள்தான் அங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள். கரையில் மீனை வாங்கி விற்பதும், கருவாடு போடுவதும், வந்தவர்கள் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டால் எடுத்துக் கொடுப்பதும் பெண்கள். அதனால் பெண்களிடம் தனியாக, அவர்கள் நேரத்தில், மதியம் விற்பனை முடிந்த பிறகு கேட்கிறோம். ஊர்த் தலைவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறோம்.

பகுதி சபை என்றால் என்ன?

கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்தில் ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து நடத்தும் மக்கள் கூட்டம். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கியது. அந்தப் பகுதி வாக்காளர் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். சென்னை மாநகராட்சியில் திருவொற்றியூர் 1-ஆவது மண்டலம், தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5. எண்ணூர் 1-ஆவது மண்டலத்தில் வரும். மீன்பிடித் துறைமுகத்துக்குள் நடப்பதற்குத் துறைமுக நிர்வாகத்தையும் மீன்வளத் துறையையும் கேட்க வேண்டும், மாநகராட்சியிடம் மட்டும் சொன்னால் வேலை நடக்காது. குப்பை, தெருவிளக்கு போன்றவற்றுக்கு 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லலாம்.

கருத்தை எப்படிச் சொன்னால் உபயோகமாக இருக்கும்?

"வரவங்க தொந்தரவு பண்றாங்க" என்று மட்டும் சொன்னால் அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த மனுவை எடுப்பார். எந்தத் தெரு, எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை பேர், என்ன நடந்தது, என்ன செய்தால் சரியாகும் என்று சொல்லுங்கள். ஓர் அக்கா சொன்னதை அப்படியே தருகிறோம்: "சனிக்கிழமை காலையில ஆறு மணிக்குக் கொழாயில தண்ணி வரும். அந்த நேரத்துல கும்பலா வந்து சந்துல நின்னா குடம் தூக்கினு வர முடியல. ஏழரைக்கு மேல வரச் சொல்லுங்க, நானே டீ போட்டுத் தரேன்." இதில் எல்லாம் இருக்கிறது. எழுத வராது என்றால் சொல்லுங்கள், நாங்கள் எழுதி, படித்துக் காட்டிவிட்டுத்தான் சேர்ப்போம்.

நான் நடை நடத்துகிறேன். விதி வரும்வரை என்ன செய்வது?

முதல் முறை ஆட்களைக் கூட்டாமல் தனியாக வாருங்கள். ஊர்த் தலைவரையும், நீங்கள் நிற்கப்போகும் இடத்துக்கு எதிர்வீட்டுக்காரரையும் பாருங்கள். மைக் வேண்டாம். வலை விரித்திருந்தால் சுற்றிப் போங்கள். எங்களைப் பற்றிச் சொல்லும் கதையை எங்களில் ஒருவரிடம் ஒருமுறை சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நடைக்கு வரும்போது, போன முறை எடுத்த படத்தை அச்சுப் போட்டு அதில் இருப்பவருக்குக் கொண்டுவந்து கொடுங்கள்.

நான் இந்தப் பகுதி இல்லை. கருத்து சொல்லலாமா?

சொல்லலாம். தனியாகக் குறித்து வைப்போம். இங்கே குடியிருப்பவர்களின் கருத்து முதலில் வரும்.

பெயர் போடாமல் சொல்ல முடியுமா?

முடியும். துறைமுகத்தில் ஒருவரிடம் கூலிக்குப் போகிறவர், இன்னொருவர் படகில் பங்கு வைத்திருப்பவர், இவர்களுக்கெல்லாம் வெளிப்படையாகப் பேசுவதில் சங்கடம் இருக்கும் என்று தெரியும். தெருவின் பெயரும் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதும் மட்டும் போதும். கைபேசி எண்ணைக் கேட்க மாட்டோம். மனுவைக் கொடுக்கும் முன் அதை ஒவ்வொரு குப்பத்திலும் ஒருமுறை சத்தமாக வாசிப்போம்; விட்டுப்போனதை அப்போதும் சேர்க்கலாம்.